எண்ணாத நேரம்

கோடு சாருக்கு உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை. எழுந்து வாசலுக்குப் போவார், கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருவின் இரண்டு பக்கமும் பார்ப்பார், உள்ளே வந்து ஆறிப்போன காபியில் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளிப்பார், மறுபடியும் வாசல். நகரப் போக்குவரத்துத் துறையில் பொறியாளர். ஊர் ரோடுகளில் இருக்கிற வெள்ளைக் கோடு, மஞ்சள் கோடு எல்லாம் அவர் வரைந்து கொடுத்தவை என்பதால் ஆபீசில் வைத்த பெயர் கோடு சார். அப்பேர்ப்பட்ட மனுஷன், விடிந்தும் விடியாமலும் சைக்கிளில் கிளம்பிப் போன பெண்டாட்டி இன்னும் வரவில்லையே என்று குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்துகொண்டிருந்தார்.

"அப்பா, நீங்க இப்படி நடக்கிறதுக்கு அம்மா கூடவே போயிருக்கலாம்" என்றாள் மகள், ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி. பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் படிக்கிறாள், வாய் ஏழு ஊருக்குப் போகும்.

"சாப்பிடு, பேசாத."

"நீங்களும் சாப்பிடுங்க. அம்மா ஃப்ளாஸ்க்குல காபி வெச்சுட்டுத்தானே போனாங்க? ஊத்திக் குடிச்சா சூடா இருக்கும். தம்ளர்ல ஊத்தி வெச்சுட்டு வாசல்ல போய் நின்னா ஆறத்தான் செய்யும்."

அவர் ஃப்ளாஸ்க்கைத் தள்ளி வைத்தார். ஃப்ளாஸ்க் காபி என்பதே அவருக்குப் பிடிக்கவில்லை என்பதை மகளிடம் சொல்ல முடியுமா என்ன?

இத்தனையும் அவராகத் தேடிக்கொண்ட வினைதான். போன வருஷம் ரயிலடியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும், கடைவீதி ஓரமாக, சைக்கிளுக்கென்று தனிப்பாதை ஒன்றைச் சோதனையாகப் போட்டார்கள். பச்சைப் பெயிண்ட் அடித்து, கார்கள் உள்ளே வராதபடி முழங்கால் உயரத்துக்கு மஞ்சள் பிளாஸ்டிக் கம்பங்களை நட்ட பாதை. வரைந்தது கோடு சார். திறப்பு நாளில் பத்திரிகைக்காரர்கள் படம் எடுக்க வருகிறார்கள், வெறும் ரோட்டையா எடுப்பார்கள், அதிகாரிகள் வீட்டுப் பெண்கள் நாலு பேர் சைக்கிளில் போகட்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். இவரும் கடைக்குப் போய் முன்னால் கூடை வைத்த சைக்கிள் ஒன்றை வாங்கி வந்து மனைவி கையில் கொடுத்தார். பள்ளிக்கூட நாளில் ஓட்டியவள். முதலில் மாட்டவே மாட்டேன் என்றாள், பிறகு ஏறினாள், மறுநாள் பத்திரிகையில் பார்த்தால் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நடுநாயகமாகப் போகிறாள். படம்தான் வந்தாயிற்றே, இனிமேல் சைக்கிளை மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிடலாம் என்று கோடு சார் நினைத்தார். அவள் இறங்கினால்தானே!

கல்யாணத்துக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தவள் அவள். மகள் பிறந்ததும் விட்டது விட்டதுதான். பாதை போட்டுக் கொஞ்ச நாளில் ஒரு சாயங்காலம், துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"என்னங்க, லேப்ல ஆள் வேணுமாம். நடமாட முடியாத பெரியவங்க வீட்டுக்குப் போய் ரத்தம் எடுத்துட்டு வரணும். சொந்த வண்டி இருந்தா போதுமாம்."

"உங்கிட்ட ஏது வண்டி?"

"ஏன், நீங்க வாங்கிக் குடுத்தது வண்டி இல்லையா?"

அவ்வளவுதான் பேச்சு. அடுத்த வாரமே போய்ச் சேர்ந்துவிட்டாள். சர்க்கரை நோய்க்காரர்களுக்கு வெறும் வயிற்றில் ஒரு தடவை எடுக்க வேண்டும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ஒரு தடவை எடுக்க வேண்டும். அதனால் அவளுக்கு ஒரு நாளில் இரண்டு சுற்று. விடியற்காலையில் கிளம்பி எட்டு மணிக்குள் லேபில் கொடுத்துவிட்டு வருவாள். கொஞ்சம் மூச்சு விட்டுவிட்டு, கடைவீதியில் ஆபீஸ் கூட்டம் ஓய்ந்த பிறகு இரண்டாவது சுற்று, வீடு திரும்ப மத்தியானம் தாண்டிவிடும். பின்னால் கேரியரில் ஐஸ் பெட்டி, அதில் சாம்பல் மூடியும் ஊதா மூடியும் போட்ட சின்னச் சின்னக் குழாய்கள். எடுத்த ரத்தத்தைத் தாமதமில்லாமல் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கீழேதான் கொட்ட வேண்டும்.

வேலைக்குப் போனதோடு நின்றதா? ஆளே மாறிப்போனாள். முன்னெல்லாம் மாடி ஏறினால் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள், இப்போது இரண்டிரண்டு படியாக ஏறுகிறாள். சாப்பிடும்போது ஓயாமல் கதை. "அந்த ரிட்டயர்டு ஜட்ஜ் இருக்காரே, ஊசியைப் பாத்தா கண்ணை மூடிட்டு அம்மாவைக் கூப்பிடுறாருங்க!" என்பாள். "விடிகாலையில அந்தப் பாதையில எவ்வளவு கூட்டம் தெரியுமா? ஆஸ்பத்திரி ஆயாம்மாக்கள், ரொட்டிக் கம்பெனிக்காரங்க, ஆபீஸ் கூட்டுறவங்க, எல்லாரும் எனக்குப் பழக்கமாயிட்டாங்க" என்பாள். படுத்தால் அடுத்த நிமிஷம் தூங்கிப்போவாள். கோடு சார்தான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்.

சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அவரும் அப்படித்தான் தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். ஆனால் மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் "வந்துட்டீங்களா" என்று ஒரு குரல் கேட்டுப் பழகிய காதுக்கு, அது கேட்காத நாளில் வீடே வேறு யாருடையதோ போல இருந்தது. யாரோ ஜட்ஜ் அவளுக்கு ஜோக் சொல்கிறார், யாரோ ரொட்டிக்காரர் அவளைத் தெரியும் என்கிறார், தனக்குத் தெரியாத ஓர் ஊரில் அவள் குடியிருக்கிற மாதிரி ஒரு தவிப்பு. பொறாமைதான், வேறென்ன! அதற்கு மரியாதையாக ஒரு பெயர் வைக்கப் பார்த்தார், வாய்க்கவில்லை.

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்ற மைத்துனர் இருந்தார். மனைவியின் அண்ணன், கடைவீதியில் மின்விளக்குக் கடை வைத்திருப்பவர். பாதை வந்ததிலிருந்து கடை வாசலில் கார் நிறுத்த முடியவில்லை, அதனால் வருகிறவர்கள் வேறு கடைக்குப் போகிறார்கள் என்று அவருக்கு வயிற்றெரிச்சல்.

"மாப்ள, வேலியில போன ஓணானைப் பிடிச்சு மடியில விட்டுக்கிட்டீங்களே! எனக்கு வியாபாரம் போச்சு, உங்களுக்கு வீட்டுச் சாப்பாடு போச்சு. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா, ரெண்டும் நம்ம தலையிலேயே விழுந்திருக்கு" என்று சொல்லிச் சிரிப்பார். கோடு சாரும் சிரிப்பார். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பேச்சு முள்ளாகக் குத்தும்.

சோதனைக் காலம் முடிகிற சமயம் பாதையில் எத்தனை சைக்கிள் போகிறது என்று எண்ண ஆட்களை நிறுத்தினார்கள். கையில் ஒரு சின்னக் கருவி. வண்டி போகப் போக அமுக்க வேண்டும், டிக் டிக்கென்று எண் ஏறும். ரோடு திணறுகிற நேரத்தில்தான் எண்ண வேண்டும் என்பது அந்தத் துறையில் வேதவாக்கு. காலையில் எட்டிலிருந்து பத்து, மாலையில் ஐந்திலிருந்து ஏழு. அந்த நெரிசலைத் தாங்குகிற ரோடு எந்த நேரத்தையும் தாங்கும் என்று கணக்கு. காருக்கு அது சரி. சைக்கிளையும் அதே நேரத்தில்தான் எண்ணினார்கள், ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எட்டு மணிக்கு மேல் ரோட்டுக்கு வருகிறவன் உட்காரப் போகிற நாற்காலியைத் துடைத்து வைக்க, விடிவதற்குள் ஒருத்தி சைக்கிளில் போய்ச் சேர்ந்துவிட்டாள். ராத்திரி ஷிப்டு முடிந்த ஆயாம்மா வீடு திரும்பிக் குளித்துப் படுத்தும்விட்டாள். எண்ண வந்தவர்கள் காலியான பச்சைப் பாதையைப் பார்த்துக் கொட்டாவி விட்டதுதான் மிச்சம்.

கூட்டம் தலைமைப் பொறியாளர் அறையில் நடந்தது. நீள மேஜை, மூடின ஜன்னல், இரைகிற ஏசி. தலைமைப் பொறியாளர் கெட்டவரில்லை, அவசரக்காரர். அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு மேஜையில் போட்டார்.

"என்னய்யா இது, ஈ காக்கா கூட போகல போலிருக்கே! கடைக்காரங்க என் கழுத்தைப் பிடிக்கிறாங்க. எடுத்துரலாமா? கோடு சார், உம்ம பாதை, நீர் சொல்லும்."

கோடு சாருக்கு அந்த நிமிஷத்தில் எல்லாம் தெரிந்தது. பாதையில் கூட்டம் எப்போது என்று தெரியும், எண்ணிய நேரம் தப்பு என்று தெரியும். 'சார், விடியற்காலையில ஒரு தடவையும், பத்தரை வாக்கில ஒரு தடவையும் எண்ணிப் பாக்கலாம்' என்று ஒரு வரி சொன்னால் போதும். வாயைத் திறக்கவும் திறந்தார். அப்போது பார்த்து, பாதை இல்லாவிட்டால் அவள் சைக்கிளை எடுக்கமாட்டாள், சைக்கிள் இல்லாவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் மத்தியானம் கதவைத் திறக்க வீட்டில் இருப்பாள் என்று மனசு மளமளவென்று கூட்டிக் கழித்துவிட்டது. சொல்ல வந்ததை மென்று முழுங்கினார்.

"எண்ணினது அவ்வளவுதான் சார்" என்றார்.

அதில் பொய் ஒன்றும் இல்லை பாருங்கள். அந்த மாதிரி ஆட்கள் பொய் சொல்லமாட்டார்கள்.

ஒரே வாரத்தில் மஞ்சள் கம்பங்களைப் பிடுங்கி லாரியில் ஏற்றிவிட்டார்கள். பச்சையின் மேல் கறுப்புத் தார் பூசினார்கள். தார் காய்வதற்குள் கார்கள் வரிசையாக வந்து நின்றுகொண்டன. மைத்துனர் போன் போட்டு, "மாப்ள, நீங்க தங்கம்" என்றார்.

அன்று சாயங்காலம் மனைவி கதவைத் திறந்தாள். முகம் வாடியிருந்தது.

"பாதையை எடுத்துட்டாங்களேங்க."

"ம். ஆளே போகலன்னு கணக்கு வந்துருச்சு."

"யாரு எண்ணினது? நாங்க அத்தனை பேர் போறோமே!"

"எண்ணுற ஆளுங்கதான் எண்ணினாங்க. விடு, கொஞ்ச நாள் வீட்டுல ரெஸ்ட் எடு. உனக்கும் அலைச்சல்."

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சோறு எடுத்து வைக்கப் போனாள். கோடு சார் இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டார். எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நிம்மதியாகத் தூங்கவும் செய்தார்.

விடியற்காலையில் கேட் திறக்கிற சத்தம் கேட்டு அடித்துப் பிடித்து எழுந்து ஓடினார். அவள் ஐஸ் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"வேலைக்கு."

"பாதைதான் இல்லையே!"

"பாதை இல்லன்னா அவங்களுக்குச் சர்க்கரை இறங்கிடுமா?" என்றாள். ஏறிப் போயே போய்விட்டாள்.

அன்றிலிருந்து மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முன்பு தவித்தது ஒரு தவிப்பா? அது பொறாமைத் தவிப்பு, இது உயிர்த் தவிப்பு. கடைவீதி எப்படிப்பட்ட ரோடு என்று அவரைவிட யாருக்குத் தெரியும்! ஓரமெல்லாம் கார் நிற்கிறது, எந்தக் காரின் கதவு எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. மிச்சமிருக்கிற இடத்தில் விடியற்காலையில் சரக்கு லாரிகள் ஊருக்குள் பகல் நேரத் தடை தொடங்குவதற்குள் ஓடிவிட வேண்டும் என்று பறக்கும், பத்தரை மணிக்குப் பஸ்கள். நடுவில் சைக்கிளுக்கு எவ்வளவு இடம் என்று அவருக்கு அங்குலக் கணக்காகத் தெரியும், அந்தக் கணக்குத்தான் அவரைத் தூங்கவிடவில்லை. ஆபீசில் கோடு போட உட்கார்ந்தால் போட்ட கோட்டையே அழித்து அழித்துப் போடுகிறார். போன் அடித்தால் முதல் மணியிலேயே பாய்ந்து எடுக்கிறார். ஒருநாள் அவள் முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் கன்றியிருந்தது.

"என்ன இது?"

"ஒண்ணுமில்ல. ஒரு வேன்காரன் ரொம்ப ஒட்டி வந்தான். காலை ஊனிக்கிட்டேன்."

"வேலையை விட்டுரு, நான் சொல்றேன்!"

"கத்தாதீங்க. குழாய் ஒண்ணுகூட உடையல" என்றாள், ஏதோ அவர் குழாய்களுக்காகத்தான் கத்தினார் என்பது போல.

மறுநாள் கோடு சார் ஆபீசுக்குத் தாமதமாக வருகிறேன் என்று சொல்லிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவில் போய் ஒளிந்து நின்றார். அவளுடைய இரண்டாவது சுற்று. நீல ஐஸ் பெட்டி தெரு முனையைத் தாண்டியதும் காரைக் கிளப்பிப் பின்னாலேயே போனார். கடைவீதிக்குள் அவள் நுழைந்ததும் இவர் அவளுக்கும் பின்னால் வருகிற பஸ்ஸுக்கும் நடுவில் காரை நுழைத்துக்கொண்டார். நாலு விளக்கையும் சிமிட்டவிட்டு, சைக்கிள் போகிற வேகத்திலேயே ஊர்ந்தார். கார் நடு ரோட்டை அடைத்துக்கொண்டது. முந்திப் போக ஒருத்தருக்கும் வழியில்லை. சரி, எவனும் அவளைத் தொட முடியாது என்று பல நாளுக்குப் பிறகு ஒரு முழு மூச்சு விட்டார்.

அவர் விட்டார், ஊர் விடவில்லை. முதலில் பஸ் ஹாரன் அடித்தது. பஸ்ஸுக்குப் பின்னால் வேன், வேனுக்குப் பின்னால் எது எதுவோ. ஒரு மோட்டார் சைக்கிள்காரன் நிற்கிற கார்களுக்கு இடையில் வளைந்து வந்து ஜன்னலைத் தட்டினான்.

"யோவ், வண்டி ஓட்டுறியா, ஊர்வலம் போறியா?"

கோடு சார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். வியர்த்துக் கொட்டியது. ரயிலடி வரைக்கும் வண்டிகள் தேங்கி நின்றன. ஊர்ந்து ஊர்ந்து விளக்குக் கடை வாசலுக்கு வந்தபோது மைத்துனர் கையை ஆட்டிக்கொண்டு வெளியே ஓடிவந்தார்.

"மாப்ள! நீங்களா? கார் ரிப்பேரா? ஓரமா தள்ளவா?"

மைத்துனர் குரல் கேட்டு அவள் திரும்பிப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், காருக்குள் யார் என்று பார்த்தாள். இறங்கி சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து ஜன்னலோரம் நின்றாள். இவர் கண்ணாடியை இறக்க வேண்டியதாயிற்று.

"என்னங்க பண்றீங்க?"

"இல்ல... நீ பத்திரமா போகணுமேன்னுதான்."

"தினம் வருவீங்களா?"

அவர் முழித்தார்.

"ஆபீஸ்ல சொல்லி அந்தப் பாதையைத் திரும்பப் போடச் சொல்லக்கூடாதா? உங்க ஆபீஸ்தானே!"

"எண்ணினப்ப..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார்.

"எப்பங்க எண்ணினாங்க?"

"எட்டுலேர்ந்து பத்து. சாயங்காலம் அஞ்சுலேர்ந்து ஏழு."

அவளுக்குப் புரிய நேரம் ஆகவில்லை. விடியற்காலையில் ஃப்ளாஸ்க்கில் காபி ஊற்றி வைத்துவிட்டுப் போகிறவள் அவள். அது அவருக்கும் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

"அந்த நேரத்துல நான் வீட்டுல இருப்பேன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?" என்றாள். குரல் உயரவில்லை. "அங்க சொன்னீங்களா?"

பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. மைத்துனர் எதற்கு இரண்டு பேரும் நடு ரோட்டில் குடும்பம் நடத்துகிறார்கள் என்று புரியாமல் மாறி மாறிப் பார்த்தார். அப்போது கோடு சாரின் போன் அடித்தது. தலைமைப் பொறியாளர். எடுக்காமல் விட்டிருக்கலாம், பழக்கதோஷம், எடுத்துவிட்டார்.

"கோடு சார், எங்கய்யா இருக்கீர்? கடைவீதியில பயங்கர ஜாமாம், போன் மேல போன் வருது. அந்தப் பாதையை எடுத்ததே ஜாம் ஆகக்கூடாதுன்னுதானே! என்ன ஏதுன்னு உடனே போய்ப் பாத்துச் சொல்லும்!"

"நான்தான் சார்."

"என்னது?"

"ஜாமுக்குக் காரணம் நான்தான் சார். என் சம்சாரம் சைக்கிள்ல போறா. லாரி பஸ்ஸு இடிச்சிரக்கூடாதுன்னு பின்னாடி கார்ல வர்றேன்." அவர் குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. ஆரம்பித்துவிட்டதால் நிறுத்தவும் முடியவில்லை. "நாம எண்ணினது தப்பு சார். அவ போற நேரத்துல நாம எண்ணவே இல்ல. அது எனக்கு அன்னிக்கு மீட்டிங்லயே தெரியும்."

எதிர்முனையில் குரல் ஏறியது.

"தெரிஞ்சுக்கிட்டேவா வாயை மூடிட்டு இருந்தீர்? ஏன்யா?"

கோடு சார் மனைவியை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்து கை கலங்கலாகத் தெரிந்தது.

"அவ வீட்டுல இருக்கட்டும்னு நினைச்சேன் சார்" என்றார்.

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. ஐஸ் பெட்டியின் மூடி சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு சைக்கிளில் ஏறினாள். ஒரு காலை மிதியில் வைத்தவள் கிளம்பாமல் ஜன்னல் பக்கம் குனிந்தாள்.

"அந்தப் பாதையில நான் ஒருத்தி மட்டுமாங்க போனேன்?" என்று கேட்டாள்.